மணல் ஈயை இனங்காண எந்த வழி: நுண்ணோக்கியா, டிஎன்ஏ பார்கோடா, புரதப் பதிவா?

மாட்டுக்கொட்டகையிலும் வீட்டுச் சுவரிலும் பிடித்த சில நூறு மணல் ஈக்கள் குப்பியில் இருக்கின்றன. கையில் இருக்கும் பணம் குறைவு. ஒரு நல்ல நுண்ணோக்கி இருக்கிறது, பக்கத்துத் துறையில் டிஎன்ஏ துண்டைப் பல பிரதியாக்கும் பிசிஆர் இயந்திரம் இருக்கிறது, அந்தத் துண்டின் எழுத்துகளை வரிசைப்படுத்த வெளியே அனுப்பலாம். இவை எந்த இனங்கள் என்று எந்த வழியில் கண்டுபிடிப்பது? பூச்சியியல் படிக்கும் மாணவர்கள், மாவட்ட அளவில் நோய்க்கடத்திகளைக் கண்காணிப்பவர்கள், சிறிய ஆய்வகம் நடத்துபவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்காக, இருக்கிற வழிகளை ஒப்பிட்டு என் முடிவையும் சொல்கிறேன்.

முதலில், இனம் தெரிவது ஏன் இவ்வளவு முக்கியம்? உலகில் சுமார் 1,000 வகை மணல் ஈக்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. லீஷ்மேனியா என்னும் ஒட்டுண்ணியால் வரும் லீஷ்மேனியாசிஸ் நோயை மனிதருக்குப் பரப்புபவை, பரப்பலாம் என்று சந்தேகிக்கப்படுபவை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். நம் ஊர்ப் பக்கம் ஒரே கொட்டகையில் ஃபிளெபோடோமஸ் அர்ஜென்டிபெஸ், ஃபிளெபோடோமஸ் பாப்பட்டாசி, செர்ஜென்டோமியா என்னும் வேறு பேரினத்தில் நாலைந்து வகை எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலுக்குக் காரணமான லீஷ்மேனியா டோனோவானியை இந்தியத் துணைக்கண்டத்தில் சுமப்பது அர்ஜென்டிபெஸ். பாப்பட்டாசியின் குடலில் அந்த ஒட்டுண்ணி நிலைக்காது. அது லீஷ்மேனியா மேஜரை மட்டும் ஏற்கும் ஈ. ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் இருக்கும் சர்க்கரை மூலக்கூறு ஈயின் குடல் சுவரில் உள்ள புரதத்தோடு பொருந்தினால்தான் அது ஒட்டிக்கொள்ளும். பொருந்தாவிட்டால், செரித்த இரத்தத்தோடு வெளியே போய்விடும். ஆக, இரண்டு ஈக்களும் பார்க்க ஒரே மாதிரி மஞ்சள் பழுப்பு நிறத்தில், 2 முதல் 3 மில்லிமீட்டர் நீளத்தில், இறக்கையை V போலத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், ஒன்று ஆபத்து, இன்னொன்று அந்த நோயைப் பொறுத்தவரை ஆபத்தில்லை. பெயரைத் தவறாக எழுதினால் மருந்தடிப்பதே தவறான இடத்தில் போய் முடியும்.

அர்ஜென்டிபெஸ் என்னும் முடிச்சு

வழிகளை ஒப்பிடும் முன் இந்த ஒரு ஈயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். நம் பகுதியில் எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு உண்மையான தேர்வு வைக்கப்போவது இதுதான்.

1903-ல் சென்னையில் சார்ல்ஸ் டோனோவன் நோயாளிகளின் மண்ணீரலில் அந்த ஒட்டுண்ணியைப் பார்த்தார். அதே ஆண்டு லண்டனில் லீஷ்மன், கொல்கத்தா அருகே உள்ள டம் டம் முகாமிலிருந்து திரும்பி இறந்த ஒரு சிப்பாயின் மாதிரியில் பார்த்ததை வெளியிட்டார். எது கடத்துகிறது என்று உறுதியாகத் தெரிய இன்னும் பல ஆண்டுகள் ஆயின. 1942-ல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் அர்ஜென்டிபெஸ் கடித்தே மனிதருக்குத் தொற்று வருகிறது என்று தன்னார்வலர்களைக் கொண்டு காட்டினார்கள். அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள்.

முடியவில்லை. பீகாரிலும் அதைச் சுற்றிய மாநிலங்களிலும் டோனோவானி உள்ளுறுப்புகளைத் தாக்குகிறது. மருத்துவம் இல்லாவிட்டால் ஆள் இறந்துவிடுவார். இலங்கையில் அதே டோனோவானி பெரும்பாலும் தோலில் புண்ணாக மட்டும் வருகிறது. உள்நாட்டிலேயே தொற்றிய முதல் தோல் நோயாளி அங்கே 1992-ல் பதிவானார். பிறகு பல மாவட்டங்களுக்குப் பரவியது. கேரளத்தில், அகத்தியமலைப் பக்கத்துக் காணி பழங்குடிக் குடியிருப்புகளிலும் டோனோவானி தோல் நோயாகத்தான் தெரிகிறது. இந்த வேறுபாட்டில் பெரும் பங்கு ஒட்டுண்ணியின் மரபணு வேறுபாட்டுக்கு உண்டு: இலங்கை வகையும் இந்தியக் கருங்காய்ச்சல் வகையும் நொதிப் பரிசோதனையிலேயே தனித்தனியாகப் பிரிகின்றன. ஆனால் ஈயின் பங்கு என்ன? அதைக் கேட்க வேண்டுமென்றால், மூன்று இடத்திலும் இருப்பது ஒரே ஈயா என்பது முதலில் தெரிய வேண்டும்.

அதில் சந்தேகம் எழுந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 1980-ல் லேன், ரஹ்மான் இருவரும் அர்ஜென்டிபெஸின் உணர்கொம்பில் உள்ள உணர்மயிர்களின் நீளமும் தாடைப் பற்களின் எண்ணிக்கையும் ஒரே கூட்டத்துக்குள்ளேயே மாறுவதை எழுதினார்கள். பிறகு ஏ, பி என்று இரண்டு சகோதர வடிவங்களாகப் பேசத் தொடங்கினார்கள். இலங்கையிலும் இரண்டும் இருப்பதை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து விலங்கியல் துறையினர் காட்டினார்கள். சென்னையிலிருந்து இந்த ஈயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கே. இளங்கோ 2010-ல், இது ஒரு இனம் அல்ல, அர்ஜென்டிபெஸ், அன்னண்டேலை, கிளாக்கஸ் என மூன்று இனங்களின் கூட்டம் என்று மறுவகைப்படுத்தினார். புதுப் பெயர் எதுவும் வைக்கவில்லை. முன்பே யாரோ வைத்து, ஒரே இனம்தான் என்று ஒதுக்கப்பட்ட பெயர்களைத் திரும்ப எடுத்தார்.

இதெல்லாம் வகைப்பாட்டாளர்களின் உள்வீட்டுச் சண்டை என்று ஒதுக்க முடியாது. சகோதர இனங்களில் ஒன்று மனிதரைக் கடித்து வீட்டுக்குள் தங்கலாம், மற்றொன்று மாட்டைக் கடித்து வெளியே தங்கலாம். அப்படி இருந்தால் சுவரில் மருந்தடிப்பது ஒன்றைக் கொல்லும், இன்னொன்றைத் தொடவே தொடாது. மலேரியாக் கொசுவான அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸில் இந்தியா இதை நேரடியாகவே கற்றது: ஒரே பெயரின் கீழ் இருந்த சகோதர இனங்களில் ஒன்று மலேரியாவை அனேகமாகப் பரப்புவதே இல்லை.

நுண்ணோக்கி

சரி, முதல் வழிக்கு வருவோம். ஈயை அப்படியே பார்த்து இனம் சொல்ல முடியாது. தயார் செய்ய வேண்டும். உடலெல்லாம் மயிர் என்பதால் சோப்புக் கரைசலில் கழுவி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்துச் சதையைக் கரைத்து, தெளியவைத்து, ஊசி முனையால் தலையைத் துண்டித்து, அதன் அடிப்பக்கம் மேலே பார்க்கும்படி திருப்பி வைத்து கவர்ஸ்லிப் மூட வேண்டும். அப்போதுதான் வாய்க்குழியில் இருக்கும் பல்வரிசையும் தொண்டையின் முள்ளமைப்பும் தெரியும். வயிற்று நுனியைத் தனியாகப் படுக்கவைத்தால், பெண்ணில் விந்துப்பை ஒரு சின்ன அடுக்குச் சுருளாகத் தெரியும். ஆணில் பிறப்புறுப்புக் கொக்கிகளும் அவற்றின் முட்களும் தெரியும். செர்ஜென்டோமியாவா ஃபிளெபோடோமஸா என்பது வாய்க்குழிப் பல்லிலும், வயிற்றின் மேல்தட்டு மயிர்கள் படிந்திருக்கின்றனவா நிமிர்ந்திருக்கின்றனவா என்பதிலும் பெரும்பாலும் தெரிந்துவிடும். விந்துப்பை இனம் வரை கொண்டுபோகும். ஆனால் அது கண்ணாடி போல மெல்லியது. அதிகம் தெளிந்துவிட்டால் ஒளியைக் குறைத்துத் தேடினாலும் கண்ணில் படாது.

இந்த வழியின் பலம், செலவு குறைவு, நூறு ஆண்டு இலக்கியம் முழுவதும் இந்த மொழியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. கீழைப் பகுதி (தெற்கு, தென்கிழக்கு ஆசியா) மணல் ஈக்களுக்கு லூயிஸ் 1978-ல் எழுதிய அடையாள அட்டவணை இன்னும் ஆய்வக மேசைகளில் இருக்கிறது. ஒரு ஸ்லைடு நன்றாக அமைந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் வேறொருவர் எடுத்துப் பார்த்து, நீங்கள் சொன்னது சரியா என்று சொல்ல முடியும். மற்ற எந்த வழியும் இந்த வாக்குறுதியைத் தராது. என்னைப் பொறுத்தவரை இதுவே அதன் முதல் தகுதி.

பலவீனங்களும் சிறியவை அல்ல. ஒரு ஆள் பழக மாதக்கணக்கில் ஆகும், பழகியவர்களோ குறைந்துகொண்டே வருகிறார்கள். பல குழுக்களில் ஆண்களைப் பிரிக்கலாம், பெண்களைப் பிரிக்க முடியாது; கடிப்பதோ பெண்தான். ஆமணக்கெண்ணெய் தடவிய தாளில் ஒட்டிப் பிடித்த ஈக்களுக்குக் காலும் உணர்கொம்பும் முறிந்திருக்கும்; அர்ஜென்டிபெஸ் கூட்டத்துக்குள் பிரிப்பதற்கு வேண்டிய உணர்மயிர் அளவு அத்தோடு போய்விடும். உணர்மயிரின் நீளத்தையும் அது நிற்கும் கணுவின் நீளத்தையும் ஒப்பிட்டுத்தான் ஏ, பி என்று பிரிக்கிறார்கள். இப்படியொரு விகிதத்தை வைத்துப் பிரிக்கும்போது எல்லைக்கோட்டுக்கு அருகில் சில ஈக்கள் எப்போதும் நிற்கும்.

டிஎன்ஏ பார்கோடு

மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்னும் மரபணுவின் 658 எழுத்து நீளத் துண்டை வரிசைப்படுத்தி, தரவகத்தில் உள்ள வரிசைகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்வதுதான் பார்கோடு முறை. 1994-ல் ஃபோல்மர் குழு வெளியிட்ட தொடக்கிகளே (பிசிஆரில் பிரதியெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகள்) இன்றும் பல இடங்களில் ஓடுகின்றன. ஒரு கால் இருந்தால் போதும். ஈ ஆணா பெண்ணா, முழுசா முறிந்ததா என்பது பொருட்டில்லை. புழுப் பருவத்தில் கிடைத்தால்கூடப் பெயர் சொல்லிவிடலாம். மண்ணுக்குள் வாழும் மணல் ஈயின் புழுவை உருவத்தால் இனம்பிரிப்பது மிகக் கடினம் என்பதால் இது பெரிய வசதி.

நம் பகுதியில் இது நன்றாக வேலை செய்கிறது என்பதற்குச் சான்றும் இருக்கிறது. புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆய்வு மையத்தினர் 2012-ல் இந்திய மணல் ஈக்களின் பார்கோடுகளை வெளியிட்டார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் இலங்கை ஈக்களுக்கு அதையே செய்தபோது, உருவத்தால் ஒன்றாகத் தெரிந்தவற்றுக்குள் மறைந்திருந்த இனங்களின் தடயமும் கிடைத்தது.

ஆனால் பார்கோடு தரும் எண்ணை எப்படிப் படிப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இரண்டு ஈக்களுக்கிடையே 2 சதவீதம் வேறுபாடு என்றால் 658-ல் சுமார் 13 எழுத்து மாறியிருக்கிறது. 3 சதவீதம் என்றால் சுமார் 20. இதைத் தாண்டினால் வேறு இனம் என்று ஒரு நடைமுறை இருக்கிறது. அது வசதிக்காக வைத்த கோடு. இயற்கை வரைந்தது இல்லை. ஆற்றுக்கு இரு பக்கமும் வெகுகாலம் பிரிந்து வாழ்ந்த ஒரே இனத்தின் இரு கூட்டங்களுக்குள் 3 சதவீதத்தைத் தாண்டலாம். அண்மையில்தான் பிரிந்த இரண்டு நல்ல இனங்களுக்குள் 1 சதவீதம்கூட இல்லாமல் போகலாம்.

இன்னொன்று: மைட்டோகாண்ட்ரியா தாய்வழி மட்டுமே வருவது. இரண்டு இனங்கள் எப்போதோ ஒருமுறை கலந்திருந்தால், ஒன்றின் மைட்டோகாண்ட்ரியா மற்றொன்றின் உடலில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும். மொராக்கோவின் ரிஃப் மலைப் பகுதியில் ஃபிளெபோடோமஸ் பெர்னிசியோசஸ், லாங்கிகஸ்பிஸ் ஈக்களில் இப்படி நடந்திருப்பதை 2004-ல் காட்டினார்கள். அங்கே மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் பார்ப்பவர் ஒரு ஈயின் உடம்புக்கு இன்னொரு ஈயின் பெயரை எழுதிவிடுவார். வோல்பாக்கியா என்னும் பாக்டீரியாவும், அது தொற்றிய தாயின் மைட்டோகாண்ட்ரியாவைக் கூட்டம் முழுக்கப் பரப்பி, இருந்த வேறுபாட்டைத் துடைத்துவிடும் தன்மை உள்ளது. பாப்பட்டாசி ஈயில் அது இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது தரவகம்தான். யாரோ தவறாகப் பெயரிட்டு ஏற்றிய ஒரு வரிசை, அடுத்தவருக்கு 99 சதவீதப் பொருத்தமாக வந்து நிற்கும். அவரும் அதே பெயரில் தன் வரிசையை ஏற்றுவார். இரண்டாம் முறை தேடுபவருக்கு ஆதாரம் இரட்டிப்பாகத் தெரியும். அந்த வரிசை வந்த ஈயின் தலையும் வயிற்று நுனியும் ஸ்லைடாக எங்கேயாவது இருந்தால் தவறைத் திருத்தலாம். முழு ஈயையும் குழாயில் போட்டு அரைத்துவிட்டிருந்தால், திருத்த ஒன்றுமே மிச்சமில்லை.

உட்கரு மரபணுக்கள்

மைட்டோகாண்ட்ரியாவின் குறையை ஈடுகட்ட ஐடிஎஸ்2, ஈஎஃப்-1 ஆல்ஃபா போன்ற உட்கருத் துண்டுகளைப் பார்க்கலாம். இவை இரு பெற்றோரிடமிருந்தும் வருவதால் கலப்பு நடந்திருந்தால் காட்டிக்கொடுக்கும். ராஜஸ்தானின் பிக்கானீரில் லீஷ்மேனியா டிராப்பிகாவைச் சுமக்கும் ஃபிளெபோடோமஸ் செர்ஜென்டியையும் அதோடு மிக ஒத்த சிமிலிஸையும் பிரிக்க ஐடிஎஸ்2 உதவியிருக்கிறது.

தொல்லையும் உண்டு. ஐடிஎஸ்2 ஒரே ஈக்குள் நூற்றுக்கணக்கான பிரதிகளாக இருக்கிறது. பிரதிகளுக்குள் நீளம் மாறினால் நேரடி வரிசையில் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போகும். அப்போது குளோனிங் செய்து ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். நேரமும் பணமும் கரையும். எல்லா ஈக்கும் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன். உருவமும் சிஓஐயும் ஒன்றுக்கொன்று முரண்படும் ஈக்களுக்கு மட்டும் செய்தால் போதும்.

டிஎன்ஏவும் உருவமும் சேர்ந்தும் போதாத இடம்

பிரேசிலின் லுட்சோமியா லாங்கிபால்பிஸ் இதற்குச் சரியான பாடம். தென்னமெரிக்காவில் உள்ளுறுப்பு லீஷ்மேனியாசிஸை முக்கியமாகப் பரப்பும் ஈ இது. ஆண்களில் சிலவற்றுக்கு வயிற்றில் ஒரு ஜோடி வெளிர்புள்ளி, சிலவற்றுக்கு இரண்டு ஜோடி. சியாரா மாநிலத்து சோப்ரால் ஊரில் இந்த இரண்டு வகையும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே புள்ளிதான் இன அடையாளம் என்று முடிவு கட்டிவிடலாமா? முடியாது. வேறு சில ஊர்களில் ஒரு ஜோடி, இரண்டு ஜோடி ஆண்களைப் பெண்கள் வேறுபாடு பார்க்காமல் ஏற்கின்றன. அந்தப் புள்ளிக்கு அடியில் இருக்கும் சுரப்பி வெளிவிடும் வாசனையும், புணரும்போது ஆண் இறக்கையால் எழுப்பும் ஒலியும்தான் உண்மையான எல்லையைக் காட்டின. சோப்ராலின் இரு வகைக்கும் வாசனை மூலக்கூறே வேறு. சில கூட்டங்கள் விட்டுவிட்டு அதிர்கின்றன, சில தொடர்ந்து வெடிப்பது போல ஒலிக்கின்றன. பீரியட் என்னும் மரபணுவில் தெரிந்த பிரிவுகள் இந்த ஒலிப் பிரிவுகளோடு ஒத்துப்போயின. பெண் ஈ யாரை ஏற்கிறது என்பதுதான் இனத்தின் எல்லை. நாம் பார்க்கும் மற்றவை அதன் நிழல்.

அர்ஜென்டிபெஸ் கூட்டத்துக்கு இந்த அளவுக்கு வேலை இன்னும் நடக்க வேண்டும். இளங்கோ சொன்ன மூன்று பெயர்களையும் முழுசாக ஏற்கவோ மறுக்கவோ முடியாமல் பலர் இன்றும் எழுத்தில் பொதுவாக அர்ஜென்டிபெஸ் கூட்டம் என்றே எழுதுகிறார்கள். உங்கள் அறிக்கையிலும் சான்று இல்லாவிட்டால் அப்படியே எழுதுங்கள். அது நேர்மையான பெயர்.

புரதப் பதிவும் இறக்கை அளவும்

மால்டி-டாஃப் கருவி ஈயின் மார்புப் பகுதியை அமிலத்தில் நசுக்கி, புரதங்களின் எடைப் பதிவை எடுத்து, முன்பே சேமித்த பதிவுகளோடு ஒப்பிடுகிறது. மருத்துவமனை நுண்ணுயிரியல் ஆய்வகங்களில் பாக்டீரியாவை இனங்காணப் பயன்படுவது அதே கருவி. ஒரு ஈக்குச் சில நிமிடங்கள்தான், ரசாயனச் செலவும் சொற்பம். மணல் ஈக்களுக்கு இது பொருந்தும் என்பதை ப்ராக் சார்ல்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2014-ல் காட்டினார்கள். கருவியின் விலை சிறிய ஆய்வகத்துக்கு எட்டாது. பெரிய மருத்துவமனையோடு ஒப்பந்தம் இருந்தால் வழி பிறக்கும். அடிப்படைப் பதிவுகள் உங்கள் ஊர் ஈக்களிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். ஆயிரக்கணக்கில் ஈ பிடிக்கும் தொடர் கண்காணிப்புக்கு இதுவே சிறந்த வழி என்று நினைக்கிறேன். ஒருமுறை செய்யும் கல்லூரி ஆய்வுக்கு வேண்டாம்.

இறக்கை நரம்புகள் சந்திக்கும் புள்ளிகளை அளந்து வடிவத்தை ஒப்பிடும் முறையும் இருக்கிறது. இறக்கையை ஸ்லைடில் வைத்துப் படமெடுத்தால் போதும், இலவச மென்பொருள்கள் கிடைக்கின்றன. அளவு, உணவையும் வெப்பத்தையும் பொறுத்து மாறும். வடிவம் அவ்வளவு மாறாது. துணைச் சான்றாக நல்லது. தனியாக நின்று பெயர் சொல்லும் அளவுக்கு நான் நம்ப மாட்டேன்.

கேள்வி இனம் அல்ல, கூட்டம் என்றால்

சில நேரம் நமக்குத் தெரிய வேண்டியது இனத்தின் பெயர் அல்ல. இரண்டு ஊர் ஈக்களுக்குள் போக்குவரத்து இருக்கிறதா, மருந்தடித்த இடத்துக்கு ஈ எங்கிருந்து திரும்ப வருகிறது, மருந்துக்குத் தாங்கும் தன்மை பரவுகிறதா என்பவை. இங்கே சிஓஐ பெரும்பாலும் ஏமாற்றும். பாப்பட்டாசி வட ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை பரவிய ஈ. மைட்டோகாண்ட்ரியா வரிசையில் அந்தப் பரப்பில் பெரிய வேறுபாடு தெரிவதில்லை. மைக்ரோசாட்டலைட் எனப்படும், வேகமாக மாறும் குறு மீள்தொடர்களைப் பார்த்தபோது பிரிவுகள் தெரிந்தன. 2023-ல் பாப்பட்டாசி, லாங்கிபால்பிஸ் இரண்டின் முழு மரபணுத் தொகுப்பும் வெளியானதால் இந்த வேலை முன்பைவிட எளிதாகியிருக்கிறது.

மருந்துத் தாங்குதிறனுக்கோ முழுத் தொகுப்பு எதுவும் தேவையில்லை. நரம்புச் சோடிய வாயில் மரபணுவில் 1014-ஆம் இடத்தில் லியூசின் என்னும் அமினோ அமிலம் இருக்க வேண்டியதில் ஃபினைல்அலனைனோ செரினோ வந்திருக்கிறதா என்று பார்க்கும் எளிய பிசிஆர் போதும். பீகாரின் அர்ஜென்டிபெஸ் ஈக்களில் இந்த மாற்றம் அதிக அளவில் இருப்பதை 2017-ல் வெளியிட்டார்கள். பல பத்தாண்டுகள் டிடிடி அடித்த பகுதி அது. இந்தியா 2015 வாக்கில் செயற்கைப் பைரித்ராய்டு வகைப் பூச்சிமருந்துக்கு மாறியது. அந்த மருந்தும் இதே வாயிலைத்தான் தாக்குகிறது. ஆகவே கருங்காய்ச்சல் பகுதியில் ஈ பிடிக்கும் யாராக இருந்தாலும் இந்த ஒரு சோதனையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். இனம்காண எடுத்த அதே டிஎன்ஏவிலிருந்து மீதி இருப்பதே போதும்.

பெயர்ப் பட்டியலில் ஒரு சிக்கல்

புத்துலக (அமெரிக்கக் கண்டங்களின்) மணல் ஈக்களைப் படிப்பவர்கள் இன்னொரு தேர்வையும் செய்தாக வேண்டும். யங், டங்கன் 1994-ல் எழுதிய வகைப்பாட்டில் பெரும்பாலானவை லுட்சோமியா என்ற ஒரே பேரினத்தில் வரும். கலாட்டியின் வகைப்பாடு அதைப் பல பேரினங்களாகப் பிரிக்கிறது. லுட்சோமியா உம்ப்ராட்டிலிஸ் அங்கே நிசோமியா உம்ப்ராட்டிலிஸ் ஆகிறது, லுட்சோமியா ஃபிளாவிஸ்குட்டெல்லாட்டா பைக்ரோமோமியா ஆகிறது. பிரேசில் ஆய்வாளர்கள் பெரும்பாலும் கலாட்டியைப் பின்பற்றுகிறார்கள். உறவுமுறையைக் கூர்மையாகக் காட்டுவதால் நானும் அதையே விரும்புகிறேன். எதை எடுத்தாலும் கட்டுரையின் முதல் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். தரவகத்தில் தேடும்போது இரண்டு பெயரிலும் தேட வேண்டும்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

மேலே சொன்ன எல்லாமும் ஒரு முடிவில் வந்து சேர்கிறது. நுண்ணோக்கியா பார்கோடா என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு தேர்வு இருக்கிறது: ஈயின் உடம்பை எப்படிப் பங்கு போடுவது. அதைச் சரியாகச் செய்தால் பிறகு எந்த வழிக்கும் போகலாம். தவறினால் ஒரே வழிதான், அதிலும் சரிபார்க்க முடியாது.

நான் பரிந்துரைக்கும் பங்கீடு இது. தலையும் வயிற்றின் கடைசிக் கணுக்களும் ஸ்லைடுக்கு. மார்பும் கால்களும் டிஎன்ஏவுக்கு, அல்லது மால்டி-டாஃப் வசதி இருந்தால் மார்பு அதற்கு, கால் டிஎன்ஏவுக்கு. இறக்கை ஒன்று தனி ஸ்லைடில். வயிற்றின் நடுப்பகுதி ஒட்டுண்ணித் தேடலுக்கும், யார் இரத்தம் குடித்திருக்கிறது என்று பார்ப்பதற்கும். காரத்தில் போட்ட பகுதியிலிருந்து டிஎன்ஏ எதிர்பார்க்கக் கூடாது. ஆகவே வெட்டுவது முதலில், ஊறவைப்பது பிறகு. ஈ மிக அரிதானது என்றால் வெட்டாமலேயே முழு உடலையும் புரோட்டீனேஸ் கே என்னும், புரதத்தைக் கரைக்கும் நொதிக் கரைசலில் ஊறவைத்து, கரைந்த சதையிலிருந்து டிஎன்ஏ எடுத்துக்கொண்டு, மிஞ்சிய கூட்டை ஸ்லைடு செய்யலாம். எல்லாத் துண்டுக்கும் ஒரே எண். அந்த எண் வரிசையை ஏற்றும்போது தரவகத்திலும் போக வேண்டும்.

பிடித்த ஈயை 70 சதவீத ஆல்கஹாலில் போட்டால் உடல் மென்மையாக இருக்கும், டிஎன்ஏ மெல்ல மெல்லச் சிதையும். 95 சதவீதத்தில் டிஎன்ஏ நன்றாக நிற்கும், உடல் விறைத்து உணர்கொம்பு உடையும். இரண்டும் வேண்டும் என்றால் 95-ல் போட்டு உறைபெட்டியில் வைத்து, வெட்டுவதற்கு முன் நீர்த்த ஆல்கஹாலில் சற்று ஊறவிடுங்கள். ஒட்டுத்தாளைவிட ஒளிப்பொறியும் வாயால் உறிஞ்சும் குழாயும் மேல். ஒளிப்பொறியின் விசிறியில் சில ஈக்கள் சிதையும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குமேல் தேர்வு ஆளைப் பொறுத்தது. மாவட்டக் கண்காணிப்பு என்றால் எல்லா ஈயையும் நுண்ணோக்கியில் பேரினம் வரை பிரித்து, ஃபிளெபோடோமஸை மட்டும் இனம் வரை கொண்டுபோய், அவற்றில் ஒரு சிறு பங்கை மட்டும் பார்கோடுக்கு அனுப்புங்கள். முதுகலை ஆய்வு என்றால் ஒவ்வொரு உருவ இனத்திலும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் சில ஈக்களை சிஓஐ வரிசைப்படுத்துங்கள். முரண்படுபவற்றுக்கு ஓர் உட்கரு மரபணு. அர்ஜென்டிபெஸ் கூட்டத்தைப் பிரித்தே தீருவது என்று இறங்கும் குழு என்றால், உணர்மயிர் அளவு, சிஓஐ, உட்கரு மரபணு மூன்றும் ஒரே ஈயிலிருந்து வர வேண்டும். அந்த ஈ வீட்டுக்குள் பிடித்ததா கொட்டகையிலா, எந்த உயிரின் இரத்தம் குடித்திருந்தது என்பதும் சேர வேண்டும். ஒரு ஊரில் உருவத்தையும் மற்றொரு ஊரில் டிஎன்ஏவையும் பார்த்து இரண்டையும் ஒட்டவைத்த கட்டுரைகள் இந்த முடிச்சை இன்னும் இறுக்கத்தான் செய்திருக்கின்றன.

இந்தியாவிலிருந்து மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் ஈ பிடிக்கப் போகும் முன்பே 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தில் என்ன அனுமதி வேண்டும் என்று பார்த்துவிடுங்கள். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. ஸ்லைடுகளை ஆய்வு முடிந்ததும் உங்கள் அலமாரியில் வைக்காமல் இந்திய விலங்கியல் ஆய்வகம் போன்ற, தொகுப்பைப் பராமரிக்கும் இடத்தில் ஒப்படைத்து, ஒவ்வொன்றுக்கும் பதிவெண் வாங்கி, அந்த எண்ணைக் கட்டுரையில் அச்சிடுங்கள்.